காவலனின் இடுப்புப்பட்டி

திருகோணமலைத் துறைமுகத்தில் 1957 ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படை நிலைகொண்டிருந்தது. பின்னர் காவற்பொறுப்பு இலங்கைக்கு உரியதாயிற்று. ஆயுதந்தாங்கிக் காவல் புரிவோர், கைத்துப்பாக்கியைப் பேணும் அளவுக்கு அதனைத் தாங்கும் பட்டியைப் பேணுதல் அரிது.

அக்காலத்து வெப்லி ஆறாம்வகைச் சுழல்துப்பாக்கி ஏறத்தாழ 1 கிலோகிராம் நிறையுடையது. இப்பாரம் ஒருபுறமே தொங்கும்போது மெல்லிய பட்டி முறுகி இடுப்பை அறுக்கும், உறை சாயும், ஆயுதம் நழுவிக் கடலிலோ பிறர் கையிலோ சேரவுங்கூடும்.

1858 இல் இந்தியாவில் நடந்த போரில் இடக்கையை இழந்த சாம் பிரவுன் என்னும் அதிகாரி, வாளுறையைப் பற்ற இயலாமையால், பட்டியோடு தோள்வாரொன்றை இணைத்துப் பாரத்தைப் பகிர்ந்தார். அவர் பெயராலேயே அப்பட்டி இன்றும் வழங்குகிறது.

தோள்வார் இல்லையெனில், பட்டியே உறுதியாதல் வேண்டும். மரப்பட்டைச் சாற்றிற் பதனிட்ட தடித்த மாட்டுத்தோல் நன்று. தமிழ்நாட்டில் இதற்கு ஆவாரம்பட்டை பயன்பட்டது. அகலம் ஒன்றரை அங்குலமேனும் இருந்து, உறையின் வளையத்துள் தளர்வின்றிப் பொருந்துக. உப்புக்காற்றில் இரும்பு துருவேறுமாதலின் பித்தளைக் கொளுக்கியே தக்கது. நனைந்த பட்டியை வெயிலிலன்றி நிழலில் உலர்த்துக.

வாங்குமுன், குண்டு நீக்கிய துப்பாக்கியை உறையிலிட்டு அணிந்து, அமர்ந்தும் குனிந்தும் படியேறியும் பார்த்தல் வேண்டும். உறை அசையாதிருப்பின், அதுவே நம்பத்தக்க பட்டி.