பேரிடரிலும் இயங்கும் மருத்துவமனை: திருப்பதி, சித்தூர் உணர்த்தும் பாடம்

திருப்பதி: வெள்ளமோ, கடும் வெயிலோ எந்தப் பேரிடர் வந்தாலும் பாதிக்கப்பட்டோர் நாடிச் செல்வது மருத்துவமனையைத்தான். அந்த மருத்துவமனையே மின்சாரமும் ஆக்சிஜனும் இன்றி முடங்கினால் என்ன ஆகும்? ஆந்திர மாநிலத்தின் ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தில் 2021ஆம் ஆண்டு நடந்த இரு நிகழ்வுகள் இந்தக் கேள்வியை எழுப்புகின்றன.

ஓராண்டில் இரு எச்சரிக்கைகள்

2021 மே 10ஆம் தேதி இரவு, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனைக்கு வரவேண்டிய ஆக்சிஜன் டேங்கர் லாரி தாமதமானது. இதனால் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து, கரோனா நோயாளிகள் 11 பேர் உயிரிழந்ததாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அன்று மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் கனமழை கொட்டியது. சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தது. திருப்பதி நகரின் தாழ்வான பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் மூடப்பட்டன. ராயலசெருவு ஏரியில் கசிவு ஏற்பட்டதால், அருகிலுள்ள கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர். நெல்லூர் அருகே தேசிய நெடுஞ்சாலை அரிக்கப்பட்டு, போக்குவரத்து தடைபட்டது.

சாதாரண நாளில் ஒரு லாரியின் தாமதமே உயிர்களைப் பறிக்கும் எனில், சாலைகள் நாள்கணக்கில் துண்டிக்கப்படும்போது நிலைமை எவ்வளவு மோசமாகும் என்பதை இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்துப் பார்த்தால் உணரலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. எனினும், உயர் சிகிச்சைக்காகச் சித்தூர் பகுதி மக்கள் இன்றும் திருப்பதிக்கு வருகின்றனர். எனவே ஓரிடத்தில் ஏற்படும் பாதிப்பு இரு மாவட்டங்களையும் தாக்கும்.

நான்கு தூண்கள்

காலநிலை மாற்றத்தைத் தாங்கும் மருத்துவமனைகளுக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார அமைப்பு 2020ஆம் ஆண்டு வெளியிட்டது. சுகாதாரப் பணியாளர்கள், குடிநீர், துப்புரவு மற்றும் கழிவு மேலாண்மை, எரிசக்தி, கட்டமைப்பு மற்றும் தொழில்நுட்பம் ஆகிய நான்கையும் அது அடிப்படையாகக் கொண்டுள்ளது.

நடைமுறையில் இவை பெரும்பாலும் எளிய முடிவுகளே. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, அடையாறு ஆற்றை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனைக்குள் நீர் புகுந்து ஜெனரேட்டர்கள் செயலிழந்தன. ஜெனரேட்டர், மின் இணைப்புப் பலகை, மருந்துக் கிடங்கு ஆகியவற்றை வெள்ள மட்டத்துக்கு மேல் அமைப்பதன் அவசியத்தை அந்த நிகழ்வு உணர்த்தியது. பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பதால், மின்தடை நீடித்தால் அவையும் வீணாகும்.

வெயிலும் ஒரு பேரிடரே

ராயலசீமா பகுதியில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். 2015ஆம் ஆண்டு வெப்ப அலைக்கு ஆந்திரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியாகினர். நாள்தோறும் பல்லாயிரம் பக்தர்கள் வந்து செல்லும் திருப்பதியில் இந்த அபாயம் கூடுதலாகும்.

இதற்கு அகமதாபாத் வழிகாட்டுகிறது. 2010 மே மாத வெப்ப அலைக்குப் பின், அங்குள்ள ஒரு மருத்துவமனையில் மேல்தளத்தில் இருந்த மகப்பேறு வார்டு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது. வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடிக்குக் கீழே பச்சிளங் குழந்தைகள் தவிக்கும் நிலை இதனால் தவிர்க்கப்பட்டது. வெப்பவாதத்தால் பாதிக்கப்பட்டோரின் உடலை உடனடியாகக் குளிர்விக்க, ஐஸ் கட்டியும் குளிர்ந்த நீரும் தயாராக உள்ள தனி அறையும் அவசியம்.

செய்ய வேண்டியவை

மத்திய அரசு 2019ஆம் ஆண்டு முதல், காலநிலை மாற்றம் மற்றும் மனித ஆரோக்கியத்துக்கான தேசியத் திட்டத்தைச் செயல்படுத்தி வருகிறது. மருத்துவமனைகளில் மின் பயன்பாட்டுத் தணிக்கை, எல்இடி விளக்குகள், சூரிய மின்தகடுகள், மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றை அத்திட்டம் வலியுறுத்துகிறது.

இவற்றுக்குக் கால அவகாசமும் நிதியும் தேவைப்படலாம். ஆனால் ஆக்சிஜன் இருப்பு எத்தனை நாள் தாங்கும், ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் உள்ளது, ஒரு சாலை மூடப்பட்டால் மாற்றுப் பாதை எது என்பதை ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சரிபார்க்க முடியும். வென்டிலேட்டரில் உள்ள நோயாளியால் வெள்ளத்திலிருந்து எழுந்து செல்ல இயலாது. அவருக்காக இந்தக் கணக்கை மருத்துவமனைதான் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும்.