பெற்றவளை எங்கே விடுவது?

"பெற்றவளைக் கொண்டுபோய் விடுதியில் தள்ளிவிட்டான் பாவி!" ஊர்வாய்க்கு இப்படிப் பேசுவது எளிது. பேசுகிறவர் இரவில் ஒரு நாள் வந்து விழித்திருப்பாரா? மாட்டார். படுக்கையை நனைத்துவிட்ட கிழவிக்குத் துணி மாற்றுவாரா? மாட்டார். பேச மட்டும் வருவார்.

பணக்காரர் வீட்டில் இந்தப் பேச்சு எழுவதில்லை. அங்கே பகலுக்கு ஒரு நர்ஸ், இரவுக்கு ஒரு நர்ஸ்; மாடியில் தனி அறை; மகன் அமெரிக்காவில். "அம்மாவை ராணி மாதிரி வைத்திருக்கிறான்" என்பர். பத்துக்குப் பத்து அறையில், கணவனும் மனைவியும் இரண்டு ஷிப்டில் வேலைக்குப் போய், இடுப்பெலும்பு முறிந்த தாயைக் கட்டிலில் தனியே விட்டுக் கதவைப் பூட்டிச் செல்கிறானே பாட்டாளி, அவன் மீதுதான் பழி விழுகிறது! லீவு போட்டால் கூலி போகும். கூலி போனால் தாய்க்கு மருந்து போகும். இதுவன்றோ அவன் நிலை?

"அந்தக் காலத்தில் குடும்பமே பார்த்துக்கொண்டது" என்று பெருமூச்சு விடுவோரும் உண்டு. குடும்பம் என்றால் யார்? மருமகள்! அல்லது கல்யாணமாகாத மகள்! கூலியில்லை, ஓய்வில்லை, பெயருமில்லை. அவள் முதுகில் ஏறி நின்றுதான் நாம் பண்பாடு பேசினோம். இன்று அவளும் மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிறாள். ஆகவே கேள்வி புதிதாகப் பிறந்திருக்கிறது. கேள்விக்கு விடை தேடுவோம். வெட்கத்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம்.

முதலில், விடுதிதான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவதற்காக ஏற்பட்டது. படுக்கையில் கிடப்போருக்கான நர்ஸ் பணியும், கைகால் பயிற்சி தரும் பிசியோதெரபியும் அதில் சேர்க்கப்பட்டன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டீர்களா? ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கும் தொழிலாளி, தன்னைச் சார்ந்து வாழும் தாய் தந்தையரின் பெயரையும் அதில் சேர்க்க இடமுண்டு. சேர்த்தீர்களா? கேட்காமல் விட்ட உரிமை, கிடைக்காத உரிமைதான்.

இவற்றாலும் முடியவில்லை என்றால், அடுத்துப் பேச வேண்டியது அண்ணன் தம்பிகளிடம் அல்ல, தாயிடம்! "கோயிலுக்குப் போய் வரலாம்" என்று ஆட்டோவில் ஏற்றி, விடுதி வாசலில் இறக்கிவிட்டு ஓடுவது மகன் செய்யும் காரியமா? நிலைமையை உள்ளபடி சொல்லுங்கள். இடத்தை அவரையே முதலில் பார்க்கச் செய்யுங்கள். ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும். "வேண்டாம்" என்றால் ஏன் என்று கேளுங்கள். வயது ஏறியதால் வாக்குரிமை போய்விடவில்லை. வாழும் இடத்தைச் சொல்லும் உரிமை மட்டும் போய்விடுமா?

பிறகு பெயர்ப்பலகைக் குழப்பம். நம் ஊர்களில் 'நர்சிங் ஹோம்' என்று எழுதியிருந்தால் அது தனியார் ஆஸ்பத்திரி. 'முதியோர் இல்லம்' என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் முதியோருக்குத்தான் அங்கே இடம். குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைக்க வேண்டியவருக்கும், நினைவு மறதி நோய் கண்டவருக்கும் வேண்டியது பராமரிப்பு இல்லம். மூன்றும் வேறு வேறு. ஆகவே வாசலிலேயே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இன்று நடக்கிறார், நாளை படுத்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா, திருப்பி அனுப்புவீர்களா?" பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த இடம் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சொல்லிவிட்டுப் போனால், உங்களுக்காகக் கழுவிவிட்ட தரையைத்தான் பார்ப்பீர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை போங்கள். மூக்கை நம்புங்கள், சிறுநீர் வாடை பொய் சொல்லாது. பினாயில் வாடை மட்டும் தூக்கலாக இருந்தாலும் எச்சரிக்கைதான். கழிவறையில் பிடித்து எழக் கம்பி உண்டா? உட்காரும் பீடம் உண்டா? தரை வழுக்குகிறதா? கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? கூப்பிட மணி உண்டா? கூப்பிட்டால் யாராவது வருகிறார்களா? அங்கே இருக்கும் முதியோரிடம், நிர்வாகி இல்லாதபோது, இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள்.

இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆயா? இதைக் கேட்காமல் வராதீர்கள். அசைய முடியாதவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பின் பின்புறமும் குதிகாலும் புண்ணாகும். படுக்கைப் புண் எலும்புவரை போகும்; உயிரையும் கொண்டுபோகும். முப்பது கட்டிலுக்கு இரவில் ஒரே ஆயா என்றால், யார் யாரைப் புரட்டுவது?

அந்த ஆயாவின் கூலி என்ன என்றும் விசாரியுங்கள். இது நாம் கேட்க வேண்டிய கேள்வி, தோழர்களே! பன்னிரண்டு மணி நேர வேலை, வார ஓய்வில்லை, அற்பச் சம்பளம், ஆறு மாதத்துக்கொரு புது ஆள்—இப்படி நடக்கும் இடத்தில் அன்பை மட்டும் எங்கிருந்து எதிர்பார்ப்பது? வேலை செய்கிறவளைக் கசக்கிப் பிழியும் நிர்வாகம், வேலை செய்ய முடியாதவளை மட்டும் தாங்கிப் பிடிக்குமா? தொழிலாளியை நடத்தும் விதத்திலேயே விடுதியின் தரம் தெரிந்துவிடும்.

யாரையேனும் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்களா? பூட்டிய கதவின் சாவி யாரிடம்? 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அது முதியோர் இல்லமன்று. ஆனால் பாடம் ஒன்றே. வெளியே போகும் வழி இல்லாத விடுதி, விடுதியன்று, பொறி!

அடுத்து, பணம். மாதக் கட்டணம் இவ்வளவு என்பார்கள். அதில் மருந்து சேர்ந்ததா? டயப்பர் சேர்ந்ததா? தனி ஆள் வைத்தால் எவ்வளவு? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் யார் செலவு? முன்பணம், தாய் இறந்தாலோ திரும்பி வந்தாலோ எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்? எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் போய் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் வரும் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் விடுதியில் ஒப்படைக்காதீர்கள்.

வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு தாயை விடுதிக்கு அனுப்பும் 'நல்ல பிள்ளைகளும்' நாட்டில் உண்டு. அவர்களுக்காகவே 2007-ல் ஒரு சட்டம் வந்தது: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் செல்லாததாக்க அதன் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. கோட்டாட்சியரைத் தலைவராகக் கொண்ட தீர்ப்பாயத்தில், வக்கீல் வைக்காமலே மனுக் கொடுக்கலாம். கைவிட்டுப் போகிறவனுக்கு மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் உண்டு. 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்து முதியோர் உதவி கேட்கலாம். இந்த எண்ணை மன்றச் சுவரில் எழுதி வையுங்கள்.

இதே சட்டத்தின் 19-ஆம் பிரிவையும் படியுங்கள். மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 பேருக்குக் குறையாமல் இடம் கொடுக்கும் முதியோர் இல்லத்தை மாநில அரசுகள் 'அமைக்கலாம்' என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று சொல்லவில்லை! பிள்ளைக்குக் கடமை, அரசுக்கு விருப்பம்! ஒரு சொல்லில் எத்தனை கிழவர்களின் கூரை பறந்துவிட்டது பாருங்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? 1834-ல் இங்கிலாந்து ஏழை விடுதிகளைப் பெருக்கியது. உள்ளே இருப்பவன் நிலை, வெளியே உள்ள கடைசிக் கூலியின் நிலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே கொள்கை. கிழவனை ஒரு பக்கமும் கிழவியை ஒரு பக்கமும் பிரித்தனர். 1948-ல்தான் அந்த ஏழைச் சட்டத்துக்கு முடிவு கட்டினர். ஜெர்மனி 1995-ல் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது; முதலாளியின் பங்கை ஈடுகட்ட, சாக்சனி நீங்கலாக மற்ற மாநிலங்களில் தொழிலாளிகள் ஒரு விடுமுறை நாளை இழந்தனர். ஜப்பான் 2000-ல், 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டும் திட்டத்தைத் தொடங்கியது. செலவில் பாதி வரிப்பணம். தள்ளாமை ஒரு வீட்டின் தலைவிதியன்று, சமுதாயத்தின் பொறுப்பு என்று அவர்கள் கணக்கெழுதினர்.

நம் கணக்கு? அன்றைய சென்னை மாநிலத்தில் 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம், 2023-ல் 1,200 ரூபாயாயிற்று. வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டண இல்லத்தின் வாசற்படியை மிதிக்க முடியுமா? 2011 கணக்கெடுப்பிலேயே நாட்டில் அறுபது கடந்தோர் பத்துக் கோடிக்கு மேல். அத்தனை பேருக்கும் மகன்களின் மனச்சாட்சி மட்டுமே காப்பீடா?

ஆகவே வேலை இரண்டு. ஒன்று, வீட்டு வேலை. தாயைச் சேர்த்த நாளோடு கடமை தீர்ந்துவிடவில்லை, அன்றுதான் தொடங்குகிறது. ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் போகாமல், மாறி மாறிப் போங்கள். முதுகைப் பாருங்கள், குதிகாலைப் பாருங்கள், எடை குறைந்ததா என்று கேளுங்கள். ஆள் வந்து பார்க்கும் முதியவரை அலட்சியம் செய்யத் தயங்குவார்கள். செலவையும் வருகையையும் மகன்களும் மகள்களும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, ஊர் வேலை. உங்கள் வட்டத்தில் எத்தனை இல்லங்கள், எத்தனை பதிவு பெற்றவை, கடைசியாக அதிகாரி எப்போது வந்தார்—கிளைதோறும் கணக்கெடுங்கள். மாவட்டத்துக்கொரு அரசு இல்லம் எங்கே என்று மனுக் கொடுங்கள். ஆயாக்களுக்கு எட்டு மணி நேர வேலையும் நியாயக் கூலியும் கேளுங்கள்.

ஆலையில் முப்பது ஆண்டு உழைத்தவன், வயலில் ஐம்பது ஆண்டு குனிந்தவள்—இவர்கள் கேட்பது பிச்சையன்று. உலர்ந்த படுக்கை, சூடான கஞ்சி, கூப்பிட்டால் வரும் ஓர் ஆள். இதைக்கூடக் கொடுக்க முடியாத நாடு, எந்த முன்னேற்றத்தைப் பற்றிப் பேசினாலும் நம்பாதீர்கள்!