வருமுன் காத்தல்

ஒரு நகரத்தின் சிறப்பு அதன் மாடமாளிகைகளால் மட்டும் அமைவதன்று. சிறுவர் அச்சமின்றித் தெருவில் நடந்து பள்ளி சேர்தலும், உழைத்துக் களைத்தோர் இரவில் இடரின்றி இல்லம் திரும்புதலுமே அதன் உண்மைச் சிறப்பாகும். இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி என்னும் சங்கநூல், நள்ளிரவிலும் உறங்காது மதுரையைக் காத்த ஊர்க்காவலரின் திறத்தைப் போற்றுகின்றது. சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுதற்கென்றே ஊரார் ஒரு வாரியம் அமைத்திருந்ததை அறிவிக்கின்றன. கள்வரைப் பிடிப்பது ஒருவகைக் காவல். ஏரிக்கரை உடையாமற் பேணுவது மற்றொரு வகைக் காவல்.

இந்நாளில் குற்றம் நிகழின் காவல் துறையும், தீப்பற்றின் தீயணைப்புத் துறையும் விரைந்து வருகின்றன. இவை மாநில அரசைச் சார்ந்தவை. இடர் நேராதவாறு முன்னரே ஊரைச் செப்பனிட்டு வைப்பதோ நகராட்சியின் பொறுப்பாகும்.

தேனி மாவட்டத்துச் சின்னமனூர், கம்பம் பள்ளத்தாக்கில் முல்லையாறு பாயும் வளமிக்க ஊர். திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அது அமைந்துள்ளது. மேகமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் சாலையும் அங்குதான் பிரிகின்றது. வாழைத்தார் ஏற்றிய வண்டிகளும், ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்கள் செல்லும் ஜீப்புகளும் இப்பள்ளத்தாக்கின் சாலைகளில் நாள்தோறும் ஓடுகின்றன. கார்த்திகை, மார்கழித் திங்களில் சபரிமலை செல்வோரின் வண்டிகளும் சேர, நெரிசல் மிகுகின்றது. நெடுந்தொலைவு செல்லும் வண்டிகள் ஊருக்குள் நுழையாதிருத்தற்பொருட்டே புறவழிச்சாலைகள் அமைக்கப்படுகின்றன.

எனினும், ஊருக்குள் உள்ள தெருக்களை நகராட்சியே காத்தல் வேண்டும். தெருமுனையில் விளக்கு எரியாவிடின் சாலையிலுள்ள பள்ளமும், எதிரே வரும் ஆளும் கண்ணுக்குப் புலப்படா. சாக்கடைக்கு மூடி இல்லையேல், மழைநீர் தேங்கும் நாளில் அது மறைந்த கிணறாகிவிடும். நடைபாதையைக் கடைகள் அடைத்துக்கொண்டால், நடப்போர் வண்டிகளுக்கிடையே இறங்க நேரிடும். இடிந்து விழும் நிலையிலுள்ள சுவரை அகற்றச் செய்வதும், கட்டடங்களின் அமைப்பை ஆராய்ந்து இசைவு அளிப்பதும் நகராட்சியின் கடமைகளே. இவை சிறு பணிகளாகத் தோன்றலாம். புறக்கணித்தால் விளையும் கேடு சிறிதன்று.

2004 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக்கூரையைப் பற்றியது. குறுகிய வழியால் வெளியேற இயலாது 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின்னரே பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகளை அகற்றும் பணி தமிழகமெங்கும் விரைவு பெற்றது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடவேண்டுமென 2010 ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்திருந்தது. ஆயினும், 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் அத்தகைய குழியில் வீழ்ந்த இரண்டு வயதுக் குழந்தையை, பல நாள் முயன்றும் உயிருடன் மீட்க இயலவில்லை. விதி ஏட்டில் இருந்தால் போதாது. அது குழியின் வாயில் மூடியாக அமைதல் வேண்டும் என்பதையே இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

நகராட்சி மட்டும் இப்பணியை முற்றும் நிறைவேற்றல் அரிது. எரியாத விளக்கையும் உடைந்த மூடியையும் கண்டவர் உடனே அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும். கடை வைத்திருப்போர் நடைபாதையை விட்டு ஒதுங்குதல் வேண்டும். காவலுக்கு 100, தீயணைப்புக்கு 101, மருத்துவ ஊர்திக்கு 108 ஆகிய எண்களைச் சிறுவரும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

வந்தபின் வருந்துவதால் இழந்த உயிர் மீள்வதில்லை. வருமுன் காக்கும் நகராட்சியும், அதற்குத் துணைநிற்கும் குடிமக்களும் வாய்த்த ஊரே நல்லூராகும்.