உங்களுக்குத் தெரியுமா? கருந்துளைக்குள் விழுந்தால்...

● பக்கத்தில் இருப்பதையெல்லாம் கருந்துளை உறிஞ்சிவிடாது. சூரியனுக்குப் பதிலாக அதே நிறையுள்ள கருந்துளை அங்கே இருந்தாலும், பூமி இதே பாதையில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

● சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள கருந்துளையின் எல்லை, அதாவது தாண்டினால் திரும்ப முடியாத இடம், மையத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான். அதில் கால் முன்னே போக ஒருவர் விழுந்தால், பாதத்தை இழுக்கும் விசைக்கும் தலையை இழுக்கும் விசைக்கும் உள்ள வித்தியாசமே உடல் தாங்க முடியாத அளவுக்கு இருக்கும். எல்லையைத் தொடும் முன்பே உடல் சேமியாவாக நீண்டு அறுந்துவிடும்.

● பெரிய கருந்துளை இன்னும் கொடூரமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு! முதன்முதலாகப் படம்பிடிக்கப்பட்டு, 2019-ல் அந்தப் படம் வெளியான எம்87 கருந்துளைக்கு 650 கோடி சூரியன்களின் நிறை. அதன் எல்லை மையத்திலிருந்து சுமார் 1,900 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், அங்கே தலைக்கும் காலுக்கும் இழுவிசை ஏறக்குறைய ஒன்றுதான். சுற்றியுள்ள கொதிக்கும் வாயுவைக் கணக்கில் எடுக்காவிட்டால், எல்லையைத் தாண்டியதே விழுபவருக்குத் தெரியாது. தாண்டியபின் மையத்தை அடைய அதிகபட்சம் ஒரு நாளும் சில மணி நேரமும் ஆகும். நம் பால்வெளியின் நடுவில் உள்ள கருந்துளைக்கு 40 லட்சம் சூரியன்களின் நிறைதான். அதற்குள் கிடைப்பது ஏறத்தாழ ஒரே நிமிடம். எவ்வளவு வலிமையான ராக்கெட்டாலும் அதை நீட்டிக்க முடியாது.

● தூரத்தில் நின்று பார்ப்பவருக்கோ, உள்ளே போகிறவர் விழுந்து முடிப்பதே இல்லை! எல்லையை நெருங்க நெருங்க அவர் கைக்கடிகாரம் மெதுவாகிக்கொண்டே போகும். உருவம் சிவந்து, மங்கி, கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

● விழுவதெல்லாம் உள்ளே போய்விடுவதும் இல்லை. 21.5 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு கருந்துளை ஒரு விண்மீனைக் கிழித்ததை 2019-ல் வானியலாளர்கள் கண்டார்கள். விண்மீன் சூரியன் அளவு நிறையுடையது. அதில் ஏறத்தாழ பாதிதான் கருந்துளைக்கு இரையானது. சிதறிய தூசும் வாயுவும் விநாடிக்கு 10,000 கிலோமீட்டர் வேகம்வரை வெளியே பாய்ந்தன.

● ஏதேனும் விழுந்தால் கருந்துளையே அதிர்ந்து, சட்டென்று அடங்கும். கருந்துளை தொந்தரவுக்குள்ளானால் இப்படித்தான் நடக்கும் என்று 1970-ல் கணக்கிட்டுக் காட்டியவர் சி.வி.விசுவேசுவரா, பின்னாளில் பெங்களூரு நேரு கோளரங்கத்தின் இயக்குநராக இருந்தவர். 2015 செப்டம்பர் 14 அன்று, இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதன் ஈர்ப்பலைகள் அமெரிக்காவின் லைகோ கருவிகளில் பதிவாகின. அந்தப் பதிவின் கடைசியில், அவர் சொன்ன அதிர்வு அடங்குவது இருந்தது. அவர் அதைப் பார்க்கும்வரை வாழ்ந்தார் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.