கேட்காமலே கணக்கில் பணம் குறைகிறதா? மேண்டேட்டைத் திறந்து பாருங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நெட் பேங்கிங்கை பெரும்பாலும் பேலன்ஸ் பார்க்கவே பயன்படுத்துகிறார்கள். உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் அதிலேயே பார்க்கலாம். கடன் வாங்கியவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய பக்கம் இது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒருவர் மரவள்ளிக் கிழங்கு விற்ற பணம் காலையில் கணக்கில் ஏறுகிறது என்று வைத்துக் கொள்வோம். டூவீலர் கடனுக்கு மாதத் தவணை 3,200 ரூபாய். மாலையில் பார்த்தால் 9,600 ரூபாயைக் காணோம். வசூல்காரர்கள் பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்களா? இல்லை. கடன் வாங்கிய அன்று கையெழுத்திட்ட தாள்களில் ஒன்று வேலை செய்திருக்கிறது. அதற்குப் பெயர்தான் மேண்டேட்.

தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகம் நடத்தும் 'நாச்' என்ற முறையில் இது இயங்குகிறது. கடன் நிறுவனம் தன் வங்கி வழியாகப் பணம் கேட்கும். மேண்டேட் இருந்தால் உங்கள் வங்கி கொடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வராது. படிவத்தில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். தொகை 'நிலையானது' என்று இருக்கிறதா, 'அதிகபட்சம்' என்று இருக்கிறதா? அதிகபட்சம் என்றால் தவணை 3,200 ஆனாலும் எழுதியிருக்கும் உச்சவரம்பு வரை கேட்க வழி திறந்திருக்கிறது. அடுத்தது, 'மாதம் ஒருமுறை'யா, 'கேட்கும்போதெல்லாம்' என்பதா? அவசரத்தில் இதை யார் படிக்கிறார்கள்! ஆனால் மேண்டேட் என்பது பணம் எடுக்கும் வழி மட்டுமே. பாக்கி எவ்வளவு என்பதைச் சொல்வது கடன் ஒப்பந்தம். அதற்கு மேல் எடுத்திருந்தால் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, எப்படிப் பார்ப்பது? வங்கியின் முகவரியை நீங்களே டைப் செய்து லாகின் செய்யுங்கள். மெயிலில் வந்த லிங்க்கை கிளிக் செய்ய வேண்டாம். 'மேண்டேட்' அல்லது 'நாச்' என்ற மெனுவில் நிறுவனத்தின் பெயர், உச்சவரம்பு, முடியும் தேதி, யு.எம்.ஆர்.என். என்ற 20 எழுத்து எண் ஆகியவை தெரியும். மெனு இல்லாவிட்டால் மேண்டேட்டின் நகல் கேட்டு கிளையில் எழுதிக் கொடுங்கள். யு.பி.ஐ. ஆட்டோபே தனி, அதை மொபைல் ஆப்பில் பார்க்கலாம்.

வேண்டாத மேண்டேட்டை உங்கள் வங்கியிலேயே ரத்து செய்யலாம். 'கடன் கொடுத்தவரிடம் கடிதம் வாங்கி வா' என்று சொன்னால் ஏற்காதீர்கள். பழைய இ.சி.எஸ். காலத்திலேயே இதை செக்கை நிறுத்தச் சொல்வதற்குச் சமமாகத்தான் ரிசர்வ் வங்கி வைத்தது. ஆனால் மேண்டேட் ரத்தானால் கடன் ரத்தாகாது. தவணையை வேறு வழியில் கட்டிவிடுங்கள். கணக்கில் பணமில்லாமல் மேண்டேட் திரும்பினால், 2007ம் ஆண்டு சட்டத்தின் 25வது பிரிவில், செக் பவுன்ஸ் போலவே வழக்கு வரலாம்.

மேண்டேட்டே கொடுக்காமல் பணம் போயிருந்தால் கதை வேறு. உடனே வங்கிக்குச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். மூன்றாம் நபரின் மோசடி என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ல் விதித்தது. உங்கள் தவறு என்று நிரூபிப்பதும் வங்கியின் பொறுப்பு. ஆனால் கடன் ஆப்பில் பேசியவரிடம் நீங்களே ஓ.டி.பி. சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் உங்கள் கணக்கில்தான் சேரும். மோசடி என்றால் 1930க்கும் போன் செய்யுங்கள்.

வங்கியே பிடித்துக் கொள்வதும் உண்டு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்ததும், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதில் கை வைத்தன. அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அதைக் கண்டித்து, 1100ல் புகார் செய்யச் சொன்னார். கேட்டவர்களுக்குத்தான் வழி பிறந்தது.

கடன் நிறுவனமோ வங்கியோ 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால், சி.எம்.எஸ். டாட் ஆர்.பி.ஐ. டாட் ஓ.ஆர்.ஜி. டாட் இன் தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. ஸ்டேட்மென்ட், மேண்டேட் நகல், முதல் புகாரின் எண் மூன்றையும் பி.டி.எஃப். ஆக ஒரே போல்டரில் சேமித்து வைத்துக் கொண்டு உட்காருங்கள். மலையில் சிக்னல் நடுவில் போனாலும் மறுபடி தேட வேண்டியிருக்காது.