அச்சோவியம் வாங்குவோர்க்கு

ஆனேக்கல் வட்டத்தில் அண்மை ஆண்டுகளில் புதுமனை புகுந்த குடும்பங்கள் பல. அவர்களுள் கலையார்வம் உடையோர், பெங்களூர்க் குமாரகிருபா சாலையில் கர்நாடகச் சித்திரகலா பரிஷத் ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில் ஒரு ஞாயிறன்று கூட்டும் சித்திரச் சந்தைக்குச் செல்வதுண்டு. அங்கே ஓவியரே தம் படைப்புகளுடன் அமர்ந்திருப்பார். நகரத்துத் தெருக்களையும் மாடிகளையும் மின்கம்பிகளையும் கருமையில் தீட்டிய ஒரு தாளை எடுத்துப் பார்க்கிறோம். அடியில் பென்சிலால் 7/25 என்று எழுதியிருக்கிறது. ஒன்றுபோல் இருபத்தைந்து இருக்குமாயின் இதனை மூல ஓவியம் என்று எவ்வாறு கூறுவது? விலை ஆயிரக்கணக்கில் இருக்கும்போது இவ்வினா எழுவது இயல்பே.

விடை, படம் பிறக்கும் இடத்தில் உள்ளது. வண்ண ஓவியத்தைப் படமெடுத்து அச்சிட்டால் அது நகல். அச்சோவியத்திற்கோ தாளுக்கு முன் வேறு ஓவியம் இல்லை. கலைஞர் செப்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் கோடு கீறி, அதனை அமிலத்தில் இடுகிறார். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கிறது. அப்பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்த, படம் தோன்றுகிறது. அடுத்த தாளுக்கு மீண்டும் மையிட வேண்டும். மீண்டும் துடைக்க வேண்டும். மரத்திலும் லினோலியத்திலும் செதுக்குவோர்க்கு, வெட்டாது விட்ட மேட்டில் மை நிற்கும். பட்டுத்தறி கண்ட ஆனேக்கல் மக்களுக்கு இது புதிதன்று. ஒரே கோலத்தில் பல சேலைகள் நெய்தாலும் ஒவ்வொன்றும் தறியில் பிறந்ததே அன்றோ?

இரவிவர்மா 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் தெய்வப் படங்களை இல்லந்தோறும் சேர்த்தார். அரிய தொண்டுதான். ஆயினும் அவை, அவர் தைலவண்ணத்தில் முடித்த ஓவியங்களைப் பிறர் கல்லில் படியெடுத்த அச்சுகள். ஆந்திரத்தில் பிறந்து பாரிசில் பணியாற்றிய கிருஷ்ண ரெட்டியின் வழி வேறு. வெவ்வேறு அடர்த்தியுள்ள மைகளை ஒரே தகட்டில் இட்டு, பல வண்ணங்களை ஒருங்கே பதிக்கும் முறையை வளர்த்தோருள் அவர் ஒருவர். அவருடைய படம் தகட்டிலேயே உருவாயிற்று. தேவகோட்டையில் பிறந்த ஆர். எம். பழனியப்பனும் அச்சோவியத்தால் பெயர் பெற்றவரே.

எண்ணிக்கைக்கு வரம்பு ஏன்? தகடு தேயும். உலோகத்தை ஊசியால் நேரே கீறும் முறையில், கோட்டின் ஓரத்துப் பிசிறு சில தாள்களுக்குள் நசுங்கிவிடும். ரெம்பிராண்ட் 1669-இல் மறைந்த பின்னரும் அவருடைய தகடுகளிலிருந்து பிறர் அச்சிட்டுக்கொண்டே இருந்தனர். அத்தாள்கள் அவர் காலத்துப் பிரதிகளுக்கு ஈடாகா. 1960-இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுக் கலைஞர் மாநாடும், மூல அச்சோவியம் கலைஞரின் கையொப்பமும் மொத்த எண்ணும் வரிசை எண்ணும் தாங்கியிருத்தல் வேண்டும் என்று வரையறுத்தது. 7/25 என்பது இருபத்தைந்தில் ஏழாவது தாள். ‘ஏ.பி.’ என்றிருப்பின் கலைஞர் தமக்கென வைத்துக்கொண்ட பிரதி. முதல் எண் இருபத்தைந்தாம் எண்ணைவிட உயர்ந்தது என்பது வீண் நம்பிக்கை.

ஆனால் கையொப்பத்தை மட்டும் நம்புதல் கூடாது. கணினியில் நகலெடுத்த தாளிலும் எண்ணிட்டுக் கையொப்பமிட்டு விற்போர் உளர். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குங்கள். நகலில் நுண்புள்ளிகள் தெரியும். தகட்டில் அச்சிட்டதாயின் மைக்கோடு சற்றே மேலெழுந்திருக்கும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அமுங்கிய தடமும் காணும். எந்த முறையில் அச்சிட்டீர், தகட்டை என்ன செய்தீர் என்று தயங்காது வினவுங்கள். உழைத்தவர் மகிழ்ந்தே விளக்குவார். முறையின் பெயரும் எண்ணும் குறித்த இரசீது ஒன்றையும் கேட்டுப் பெறுங்கள்.

பேரம் பேசுவது வழக்கந்தான். ஆயினும் தாள், மை, தகடு, அச்சுப்பொறி வாடகை யாவும் கலைஞர் முன்கூட்டியே செலவிட்டவை. இருபத்தைந்தும் விற்றுத் தீரும் என்ற உறுதி அவருக்கு இல்லை. கேட்ட விலை மிகையெனத் தோன்றினால், அவருடைய சிறிய தாள் ஒன்றை வாங்குவது தக்கது.

இல்லம் வந்ததும் சட்டமிடுவோரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: தாளைப் பலகையில் ஒட்ட வேண்டா, கண்ணாடி தாளைத் தொட வேண்டா, அமிலமற்ற அட்டையே வேண்டும். வெயில் படும் சுவரும் மழைக்காலத்தில் ஈரம் ஊறும் சுவரும் ஆகா. சட்டத்தின் அளவுக்கேற்ப ஓரத்தை வெட்டவும் விடாதீர்கள். எண்ணும் கையொப்பமும் தகட்டுத் தடமும் அங்கேதான் உள்ளன.