தூண்டில் வியாபாரத்தில் புகுந்த தொழில்நுட்பம்

நம் பக்கத்தில் மீன்பிடித்தல் பெரும்பாலும் பிழைப்புக்கான தொழில். அமெரிக்காவிலோ கோடிக்கணக்கான மக்களுக்கு அது ஓய்வுநாள் பொழுதுபோக்கு. அதை நம்பி முள், நரம்பு, இரை விற்கும் சிறு கடைகள் ஏரிக்கரைதோறும் உண்டு. அந்தப் பொழுதுபோக்கைக் கருவிகள் எப்படி மாற்றின, அந்த வியாபாரம் எங்கே போகிறது என்று பார்ப்பது நமக்கும் பயன்தரும்.

மளிகைக் கடை தந்த யோசனை

முற்காலத்தில் தூண்டிலுக்குப் பட்டு நூலும் லினன் நூலுமே பயன்பட்டன. ஒவ்வொரு முறையும் உலர்த்தி வைக்காவிட்டால் அவை இற்றுப்போகும். 1938இல் டூபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்தது. நம் ஊர்ப் பெட்டிக் கடைகளில் தொங்கும் தூண்டில் நரம்பும் அதன் வழிவந்ததே.

அடுத்த மாற்றம் நரம்பு சுற்றும் ரீலில் வந்தது. பழைய ரீலில் உருளையே சுழலும். இரை தண்ணீரில் விழுந்த பிறகும் உருளை நிற்காமல் சுழன்றால் நரம்பு சிக்காகிவிடும். டெக்சாஸ் மாநிலத்துக் கடிகாரக்காரர் ஆர்.டி. ஹல், மளிகைக் கடையில் இறைச்சிப் பொட்டலம் கட்டுபவர் நூல்கண்டிலிருந்து சரசரவென்று நூலை இழுப்பதைக் கண்டாராம். கண்டு அசையவில்லை, நூல் மட்டும் வந்தது. அதே முறையில் அவர் ஒரு ரீல் செய்தார். எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி செய்துவந்த ஓக்லஹோமா நிறுவனம் ஒன்று, தன் காப்புரிமைக் காலம் முடியும் வேளையில் வேறு சரக்கைத் தேடிக்கொண்டிருந்தது. 1949இல் அந்த ரீலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவே இன்றைய ஜெப்கோ. சிறுவர்கள்கூடச் சிக்கில்லாமல் தூண்டில் வீச முடிந்ததால் வாடிக்கையாளர் கூட்டம் பெருகியது.

தண்ணீருக்குள் பார்க்கும் கருவி

1950களின் இறுதியில் லோரன்ஸ் நிறுவனம் ஒலி அலையைக் கொண்டு மீனைக் காட்டும் சிறு பெட்டியை விற்கத் தொடங்கியது. அனுப்பிய ஒலி மீன் மேலோ தரை மேலோ பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணிப்பதே அதன் முறை. 2000ஆம் ஆண்டு மே மாதம், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிப்பில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மீன் கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து மறுவாரம் நேராக அங்கேயே போய் நிற்க முடிந்தது.

2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் வந்தது. படகுக்கு முன்னால் மீன் நீந்துவதையும், அது இரையை நோக்கி வருவதையும் அப்போதைக்கப்போதே திரையில் பார்க்கலாம். பந்தயக்காரர்களிடையே இது பெரிய சச்சரவை எழுப்பியது. 2025இல் ஒரு முன்னணிப் பந்தய அமைப்பு, நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே இக்கருவிக்கு அனுமதி என்றது. மற்றொரு அமைப்பு, படகில் உள்ள திரைகளின் மொத்த அளவு 55 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றது.

முதலுக்கே மோசமா?

சச்சரவுக்குக் காரணம் பந்தயம் மட்டுமல்ல. 1972 முதலே பிடித்த மீனை உயிருடன் விட்டுவிடும் பழக்கத்தைப் பந்தயங்கள் வளர்த்துவந்தன. ஆனால் வெகு ஆழத்திலிருந்து மீனை இழுத்தால் அதன் காற்றுப்பை உப்பிவிடும். திருப்பி விட்டாலும் பிழைப்பது கடினம். எட்டாத ஆழத்தில் தப்பியிருந்த மீனையும் இன்று கருவி காட்டிக்கொடுக்கிறது.

மீன் குறைந்தால் கடைக்காரருக்கும் வியாபாரம் இல்லை. இதை அந்நாட்டார் முன்பே உணர்ந்தனர். 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி, தூண்டில் சாதனங்கள் மீது உற்பத்தியாளரிடம் 10 சதவீத வரி வாங்கி, மீன்வளம் பெருக்க மாநிலங்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள். இதில் ஒரு முரண்பாடும் உண்டு. சாதாரணத் தூண்டில் கோலுக்கு 10 சதவீதம். மீன் காட்டும் மின்னணுக் கருவிக்கோ அந்த வரியே இல்லை!

கடைக்காரர் நிலை

1961இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிக் கேபெலா 45 டாலருக்குத் தூண்டில் ஈக்களை வாங்கிவந்தார். டாலருக்கு 12 என்று செய்தித்தாளில் விளம்பரம் செய்ததற்கு ஒரே ஒருவர்தான் பதில் எழுதினார். பின்னர் '5 ஈக்கள் இலவசம், அனுப்பும் செலவு 25 சென்ட்' என்று மாற்றியதும் கடிதங்கள் குவிந்தன. 1972இல் மிசௌரி மாநிலத்தில் ஜானி மோரிஸ், தம் தந்தையின் மதுக்கடையின் ஒரு மூலையில் தூண்டில் சாமான்களைப் பரப்பினார். அதுவே பாஸ் ப்ரோ ஷாப்ஸ் என்ற மாபெரும் நிறுவனமாகி, 2017இல் கேபெலாவையும் வாங்கிக்கொண்டது.

இவர்களுக்கும் இணைய விற்பனைக்கும் நடுவில் சிறு கடைக்காரர் என்ன செய்வது? விலையுயர்ந்த மின்னணுக் கருவியை வாங்கி அடுக்கினால், புது மாதிரி வந்ததும் பழைய சரக்கில் முதல் முடங்கும். முள், நரம்பு, ஈயக்குண்டு, உயிர் இரை ஆகியவை செலவழியும் சரக்குகள். வாங்கியவர் மீண்டும் வந்தே தீருவார். விடியற்காலையில் உயிருள்ள புழுவைத் தபாலில் எதிர்பார்க்க முடியாது. ரீல் பழுதுபார்த்தலும், எந்தக் கரையில் எது கடிக்கிறது என்ற தகவலும் பெரிய கடையில் எளிதில் கிடைக்காதவை.

கருவிகள் இன்னும் கூர்மையாகும். கட்டுப்பாடுகளும் கூடவே வரும். எந்தச் சரக்கு நாளை தடைசெய்யப்படலாம் என்று கவனித்துக் கொள்முதல் செய்வதே புத்திசாலித்தனம். புதுமை வரும்போது அதை எதிர்ப்பதோ, கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் குவிப்பதோ வேண்டாம். தினமும் செலவழியும் சரக்கையும், நம்மைத் தேடிவரும் வாடிக்கையாளரையும் நாம் கைவிடாதிருந்தால் கடை நிலைக்கும்.